பத்தி நான்கு

படிவத்தில் நான்காம் பத்தி:
"பராமரிப்பாளரைத் தாங்களே தேர்வு செய்யலாம்."
தாங்களே.
அந்தச் சொல்லின் மேல் கொஞ்ச நேரம் படுத்திருந்தேன்.
பத்து வருடமாக
என் நைட்டியின் நிறத்தைக்கூட
கடைவீதிக்குப் போனவர்கள்தான் எடுத்துவந்தார்கள்.

அண்ணன் பேனாவைத் திறந்து நீட்டினான்.
"தெய்வானை பேரைப் போடு.
இத்தனை நாளும் அவதானே பாக்கிறா.
கவர்மெண்டு பணம்
வீட்டுக்குள்ளயே சுத்தட்டும்."
கணக்கு சரிதான்.
செவ்வாய்ப்பேட்டைக்காரன் அவன்,
பட்டறைத் தரையைக் கூட்டி
வெள்ளித் துகளை அள்ளுகிறவன்.

அண்ணி கதவோரம் நின்றாள்.
கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்து
நெருப்புப் புள்ளி விழுந்த விரல்கள்.
அந்த விரல்கள்தான் என்னைப் புரட்டும், துடைக்கும்,
தலை பின்னிவிடும்.
எங்களுக்குள் மிச்சமிருந்த பேச்சு:
"வந்துச்சா?"
"வரல."
"அந்தப் பக்கம் திரும்பு."

அவள் கல்யாணமாகி வந்த புதிதில்,
நான் நடந்துகொண்டிருந்த காலத்தில்,
பழைய பேருந்து நிலையத்தருகே
தட்டுவடை செட் தின்று தின்று
மூன்று பஸ்ஸை விட்டோம்.
சிரித்ததில் அவளுக்குப் புரையேறி
பீட்ரூட் துருவல் மூக்கில் வந்தது.

"யோசிக்கணும்" என்றேன்.
பேனா மூடியை அண்ணன் அழுத்திய சத்தம்
தெருவரை கேட்டிருக்கும்.

பட்டியலிலிருந்து வந்தார்கள்.
ஒருத்தி, "சாப்ட்டாச்சா குட்டிம்மா?"
என் நரையை அவள் பார்த்தபடியேதான் கேட்டாள்.
இன்னொருத்தி அண்ணியிடம்,
"இவங்க எவ்வளவு வெயிட்டு?"
அறுபத்திரண்டு என்றேன்.
கட்டில் பேசியதுபோலத் திடுக்கிட்டாள்.
அடுத்தவர் வரவில்லை.
ஃபோனில் தெருப்பெயர் கேட்டார்,
"ஓ, அங்கயா" என்றார்.

ரெஜினா ஏற்காட்டிலிருந்து,
நாகலூர்ப் பக்கம்.
இருபது கொண்டை ஊசியும் இறங்கிய மயக்கத்தில்
"ஒரு நிமிசம் உக்காரலாமாக்கா?" என்றாள்.
என்னிடம்.
என் அறையில் உட்கார
என்னிடம் கேட்டாள்.

அனுபவம் என்ற கட்டத்தில் அவளுக்கு ஒரு வருடம்.
மற்றவர்களுக்கு எட்டு, பதினொன்று.
தூக்கும் முன் நின்று கேட்டாள்,
"எந்தப் பக்கம் மொதல்ல வலிக்கும்?"
எனக்கே தெரியவில்லை.
இடது என்றேன்.
இல்ல, வலது.
நான் முடிவுசெய்யும்வரை
கையை நீட்டியபடி காத்திருந்தாள்.
தலையணையைத் தப்பாகத்தான் வைத்தாள்.
சொன்னேன்.
மாற்றினாள்.

அவள் பெயரை நானே எழுதினேன்.
'ரெ' போடவே ஒரு காபி ஆறும் நேரம்.
கீழே, காரணம், இருபது சொற்களுக்குள்.
"சொன்னால் மாற்றுகிறாள்" என்று எழுதி
பதினெட்டை அரசாங்கத்துக்கே திருப்பிக் கொடுத்தேன்.

"பணம் மலையேறிப் போச்சு" என்றான் அண்ணன்.
நான்கு நாள் இந்த அறைப் பக்கம் வரவில்லை.
ஐந்தாம் நாள் வந்து,
மழைக்கு மலைப்பாதையை அடைத்தால்
யார் உன்னைப் புரட்டுவது என்றான்.
நியாயமான கேள்வி.
இன்னும் பதிலில்லை என்னிடம்.

முதல் நாள் பதினொரு மணிக்கு
பழக்கத்தில் அண்ணி
பேசினும் துண்டுமாக உள்ளே வந்துவிட்டாள்.
ரெஜினா அதற்குள் என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.
பேசினை எங்கே வைப்பதென்று தெரியாமல்
தண்ணீர் தளும்ப நின்றாள்.
அந்த முகத்தில் இருந்தது கோபமா என்று
எனக்குப் படிக்கத் தெரியவில்லை.
உன்னை வேண்டாமென்று எழுதவில்லை அண்ணி,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
போய்விட்டாள்.
பின்கட்டில் ஊதுகுழாய் மட்டும்
வெகுநேரம் சீறியது.

சாயங்காலம் செய்தித்தாள் பொட்டலத்தோடு வந்தாள்.
என்னைத் திருப்பாமல், தொடாமல்,
கட்டிலின் காலடியில் சும்மா உட்கார்ந்தாள்.
இரண்டு செட்.
என் வலது கை எட்டுமிடத்தில் ஒன்றை வைத்தாள்.
போர்வையெல்லாம் தூள்.

"காரம் போதுமா?"
"பத்தல."
"அவன் எப்பவும் அப்படித்தான்" என்று
கடைக்காரனைத் திட்ட ஆரம்பித்தாள்,
திட்டிக்கொண்டே தின்றாள்.

"அண்ணி," என்றேன்,
"வாயோரம் பீட்ரூட்."
புறங்கையால் துடைத்தாள்.
"அந்தப் பக்கம்" என்றேன்.