மூன்று தவறுகள்

அவனுக்கு வாயால் சொல்லும் பெயர் கிடையாது.
இரண்டு விரலால் என் மணிக்கட்டைத் தட்டினால்
கடலூர் முதுநகரில்
ஒரே ஒருவன்தான் திரும்புவான்.

துறைமுகத்து வலைக்குவியலில் கிடந்த செவலைக் குட்டி.
இது ஆகுமா என்றேன்.
புதுச்சேரியிலிருந்து சனிக்கிழமை பஸ்ஸில் வந்த
அந்துவானெத் மேடம்
எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் போட்டார்.
துள்ளி ஓடியது குட்டி.
பிறகு தானாகத் திரும்பி வந்து
தட்டை மோந்தது.
ஆகும் என்றார்.

வாரை அவர் பிடித்தது அன்று மட்டும்தான்.
"இனி நான் பார்க்கிறேன், நீங்கள் பிடியுங்கள்.
அவன் தொட வேண்டியது உங்கள் முழங்காலை."

கூலி உடனே தர வேண்டும்.
காய்ந்த நெத்திலி, அரைத் துண்டு, தொட்ட நொடியில்.
தாமதித்தால் எதற்குக் கிடைத்ததென்று
அவனுக்குத் தெரியாது.
என் முந்தானை நாறியது.
மதியம் வரை நான் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடையில்
பக்கத்து நாற்காலி
ஒரு முழம் தள்ளிப்போனது.

முதலில் குக்கர்.
ஒரு மாதம் சந்தில் உள்ள எல்லாக் குக்கருக்கும்
என்னை எழுப்பினான்.
ஆறாம் வீட்டில் பருப்பு எப்போது வேகும் என்பது
எனக்கு அத்துப்படி.
பிறகு அழைப்பு மணி. அலாரம்.
மஞ்சக்குப்பம் பஸ்ஸில் நடத்துநரின் உதட்டை
"நாயெல்லாம்" வரை படித்தேன்,
மீதியைப் படிக்கவில்லை.
இறங்கி நடந்தோம்.
கெடிலம் பாலத்தின் மேல்
என் நிழலில் ஒதுங்கியபடி வந்தான்.

கடைசியாக என் பெயர்.
தில்லைநாயகி.
உள்ளே நாய் இருக்குடி என்று வகுப்பே சிரித்தது,
காது கேட்ட காலத்தில்.
சிலிண்டர் போடும் பையன், கடை ஜமீலா,
தண்ணீர் கேன்காரர்,
வந்தவர்களை எல்லாம் கூப்பிடச் சொன்னேன்.
கூப்பிட்டு என்ன பயன் என்று
ஏழு வருடமாக எல்லோரும் விட்டுவிட்ட பெயர்
ஒரே வாரத்தில் நூறு தடவை.

அந்தச் செவ்வாய், மாலை நாலே கால்.
தொட்டான்.
கதவைத் திறந்தேன், வாசலில் யாருமில்லை.
அவன் கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்,
விளையாட்டு என்று நினைத்தேன்.
நோட்டில் எழுதினேன்: தவறு. கூலி இல்லை.
புதன். தவறு.
வியாழன்,
அவன் முகத்தைப் பார்க்காமல் எழுதினேன்.

சனிக்கிழமை அதே நேரம் மேடம் கூட இருந்தார்.
தொட்டான்.
வாசலுக்குப் போகாதீர்கள் என்று கை காட்டினார்,
அவன் பின்னால் போங்கள்.
துவைக்கிற கல்லைத் தாண்டி
பக்கத்து வீட்டு மதில் வரை கூட்டிப்போய்
உட்கார்ந்தான்.

மேடம் கொஞ்ச நேரம் மதிலையே பார்த்தார்.
பிறகு என் பக்கம் திரும்பி, உதடுகளை அவசரப்படுத்தாமல்,
"அந்த அம்மா போனில் பேசுகிறார்.
உங்கள் பெயர் வருகிறது."

வேறென்ன வருகிறது என்று நான் கேட்கவில்லை.
அவரும் சொல்லவில்லை.
"கொடுங்கள்," என்றார், "சரியாகத்தான் சொல்கிறான்."
கொடுத்தேன்.
மறுபடி தொட்டான். கொடுத்தேன்.
மறுபடி.
பை காலியாகும் வரை
மதிலுக்கு அந்தப் பக்கம் பேச்சு முடியவில்லை.

இரவு நோட்டைத் திறந்து
மூன்று தவறையும் அடித்தேன்.
தாமதமான கூலி எதற்கென்று அவனுக்குப் புரியாது,
தெரியும்.
இருந்தாலும் மூன்று முழு நெத்திலியைத்
தட்டில் வைத்தேன்.
மோந்தான்.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தின்றான்.