கயிறு காயும் வரை

பங்குனி ஏழு, காலை.
கருங்காலிமுறிப்புக் குளத்தில் ஆறேகால் அடித் தண்ணீர்.
அளவுப்பலகையை நான்தான் பார்த்தேன்,
அந்தக் கால் அடி அலையா தண்ணீரா என்று
காற்று விழும்வரை நின்று.

ஆறடிக்கு முப்பத்தொரு ஏக்கர் சிறுபோகம்.
அதற்குமேல் ஆசைப்பட்டால்
கதிர் பால்பிடிக்கையில் குளம் கைவிரிக்கும்.
இடாப்பில் பெயர்கள் அறுபத்திரண்டு.
கணக்குச் சுகமானது. ஆளுக்கு அரை ஏக்கர்,
எல்லாம் துருசடியில்,
தண்ணீர் நடந்து களைக்காத தூரத்தில்.

சிக்கல் இவ்வளவுதான்:
துருசடியின் முப்பத்தொன்றில் பத்தொன்பது ஏக்கர்
கதிரமலை அண்ணையின் உறுதிக்காணி.

"என்ர வரம்புக்குள்ள ஊர் முழுக்க உழவோ?"

கமநல சேவை உத்தியோகத்தர் பேனையை மூடினார்.
தலைவர் சூசைப்பிள்ளை வெற்றிலையை
மறுகன்னத்துக்கு மாற்றினார்.
மருதங்கிளையில் ஒரு மீன்கொத்தி
எங்களைவிடக் கவனமாய்
குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைவாய்க்கால் தவநிதி எழும்பினா.
கூட்டங்களில் கையெழுத்துக்கு மட்டும் வாறவ.
"மார்கழியில வான் கொள்ளாம
கட்டு கசிஞ்ச இரவு
மண்மூட்டை தூக்கினது ஆர்?
உடைஞ்சிருந்தா முதல்ல போறது ஆற்ர வயல்?"

அண்ணை அன்றிரவு வவுனியா ஆஸ்பத்திரியில்,
மகளுக்குப் பிரசவம்.
அது குற்றமில்லை.
தவநிதியும் குற்றமாய்ச் சொல்லவில்லை.
எண்ணிச் சொன்னா, நூற்றிநாற்பது மூட்டை:
உரப்பை, அரிசிப்பை,
முகாமில் தந்த கூடாரத் துணியில் தைத்த பை,
ஒரு பிள்ளையின் புத்தகப்பை.

எங்கள் ஊர்ப்பெயரிலேயே முறிப்பு இருக்கிறது.
எப்போதோ உடைந்த குளம்.
ஆர் காலத்தில் என்று ஆருக்கும் தெரியாது.
உடைந்ததைப் பெயராய் வைத்துக்கொண்டு
அதன் கீழேயே விதைக்கிறோம்.

அண்ணை நெடுநேரம் தன் செருப்பைப் பார்த்தார்.
"கிழக்கு மூலையை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ,
அது உவர்."
இதைச் சம்மதம் என்று குறிப்பில் எழுதினேன்.

மறுநாள் விடியத் தும்புக்கயிறோடு இறங்கினோம்.
முடிச்சுக்கு முடிச்சு பத்து முழம்.
ஆறு பங்குக்கு முளை அடித்தாயிற்று.
தவநிதி கயிற்றை மிதித்துக்கொண்டா.
"பனியில நனைஞ்ச கயிறு கட்டையாகும்.
இப்ப அளந்தவைக்குக் குறையும்.
வெயில் ஏறி அளக்கிறவைக்குக் கூடும்."

முதல் பங்கு கதிரமலை அண்ணைக்கு விழுந்திருந்தது.
தவநிதியின் இலக்கம் ஐம்பத்தெட்டு.

கயிற்றைக் குளக்கட்டில் நீட்டிப் போட்டோம்.
அறுபத்திரண்டு பங்குக்காரர்
ஒரு கயிறு காயும் வரை குந்தியிருந்தோம்.
தேத்தண்ணி வந்தது, சீனி இல்லாமல்.
யாரோ மூன்று மாத நெல்லின் விலை கேட்டார்கள்.
யாரோ மழையைப் பற்றிப் பொய் சொன்னார்கள்.
பத்து மணிக்கு முளைகளைப் பிடுங்கி
ஒன்றிலிருந்து மறுபடி அளந்தோம்.

அண்ணையின் பங்கு, அண்ணையின் காணிக்குள்,
இரண்டு சாண் நீண்டது.
அந்த இரண்டு சாணில் ஏறி நின்று
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு தவநிதியின் முளைகளைத் தானே சுமந்து
வயலின் மற்றத் தொங்கலுக்கு நடந்தார்.

கூட்டக் குறிப்பேட்டில் கயிறு இல்லை.
அதற்கு நிரல் கிடையாது.
நீர்மட்டம் என்ற இடத்தில்
ஆறடி என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

மிச்சக் கால் அடி எனக்குத் தெரியும்,
ஆவணி வெயிலில் அலைகரைக்கு வரும்
மாடுகளுக்கும் தெரியும்.
அவற்றுக்கு இடாப்பில் இலக்கம் இல்லை.