அனுப்பப்பட்டது

பதினாறு ஆண்டு டிராம் ஓட்டினேன், லியெபாயாவில்.
ஊருக்கே ஒரே தடம்.
போனால் திரும்ப வேண்டும், திரும்பினால் போக வேண்டும்.
அக்டோபரில் ஈர இலைகள் தண்டவாளத்தில் ஒட்டும்.
மிதியை அழுத்தினால்
சக்கரத்துக்கு முன்னால் மணல் கொட்டும்.
அதுதான் எனக்குத் தெரிந்த தொழில்நுட்பம்.

நாற்பத்து மூன்றில் என் முதுகு சொன்னது: போதும்.
வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இரண்டு பயிற்சிகள் இருந்தன.
நக அலங்காரத்தில் இடம் நிரம்பிவிட்டது.
அப்படித்தான் இணையதளம் கட்ட வந்தேன்.
கனவு, அழைப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் மாதம், ஓர் அரைப்புள்ளியைத் தேடி
ஒரு செவ்வாய்க்கிழமையை முழுதாகத் தொலைத்தேன்.
அடுத்த மாதம் ஒரு பெட்டியைப்
பக்கத்தின் நடுவில் நிறுத்தப் பார்த்தேன்.
அத்தனை டன் வண்டியை
நிறுத்தக் கோட்டில் ஒரு சாண் பிசகாமல் நிறுத்தியவள் நான்.
பெட்டி நிற்கவில்லை.
இடது ஓரம் போய் முறைத்துக்கொண்டிருந்தது,
டிக்கெட் எடுக்காத பயணி மாதிரி.

ரைவிஸுக்கு இருபத்தாறு வயது. என் மேலாளன்.
எதைக் கேட்டாலும் "தேடிப் பாருங்கள்" என்பான்,
ஹெட்ஃபோனைக் கழற்றாமலே.
ஒருநாள் தற்செயலாக அவன் திரையைப் பார்த்தேன்.
அவனும் தேடிக்கொண்டிருந்தான்,
போன வாரம் நான் தேடிய அதே கேள்வியை,
அதே எழுத்துப்பிழையோடு.
எவ்வளவு நிம்மதி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நானே கட்டிய முதல் தளம், விஸ்மாவின் பூக்கடைக்கு.
பெயர், தொலைபேசி, என்ன பூ,
கீழே ஒரு பச்சைப் பொத்தான்.
அழுத்தினால் எழும்: அனுப்பப்பட்டது. நன்றி.
அந்த எழுத்து மெல்ல மலர்வதற்கு மட்டும்
இரண்டு நாள் உழைத்தேன்.
அதைப் பார்க்க ரைவிஸே ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

பதினோராம் நாள் விஸ்மா அழைத்தாள்.
"அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவரும் எழுதக் காணோமே?
கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் வாரம்.
போன வருடம் கடையில் நிற்க இடமில்லை."

எழுதியிருந்தார்கள்.
முப்பத்தேழு பேர்.
சர்வரின் இருட்டு மூலையில்
வரிசை கலையாமல் நின்றிருந்தார்கள்,
நான் முகவரியில் ஓர் எழுத்தை விட்டதால்.
அத்தனை பேருக்கும் நன்றி சொல்லியிருந்தேன்.
மலர்ந்து மலர்ந்து சொல்லியிருந்தேன்.

டிராமில் கதவை மூடியதும்
பக்கக் கண்ணாடியைப் பார்ப்போம்:
யாருடைய கோட்டாவது, நாய்க் கயிறாவது,
ஒரு குழந்தையின் கையாவது மாட்டியிருக்கிறதா என்று.
ஒரு முறைகூடத் தவறியதில்லை நான்.
இந்த வேலையில் கண்ணாடி எங்கே இருக்கிறதென்று
யாரும் சொல்லவில்லை.
இல்லை, பொய். பாடத்தில் இருந்தது.
"சோதனை" என்று தலைப்பு. சலிப்பாக இருந்ததால் தாண்டிப் போனேன்.

அன்று மாலை படிக்கட்டில் உட்கார்ந்து
ஒவ்வொருவராக அழைத்தேன்.
ஒருத்தி ரஷ்ய மொழியில் திட்டினாள், ஒன்றையும் மிச்சம் வைக்காமல்.
ஒருவருக்கு என்ன கேட்டோம் என்பதே மறந்திருந்தது.
தாலிவல்திஸ் என்பவர் எட்டு வெள்ளைச் சாமந்தி கேட்டிருந்தார்.
இறந்தவர்களுக்கு எங்களூரில் இரட்டைப்படைதான்.
"அனுப்பப்பட்டது என்று போட்டிருந்ததே.
அதனால் காத்திருந்தேன்" என்றார்.
எனக்குப் பேச்சு வரவில்லை.
"கதவில் சாயாதீர்கள் என்று டிராமில் கத்துவது
நீங்கள்தானே? குரல் தெரிகிறது."

மறுநாள் எட்டையும் நானே கொண்டுபோனேன்.
என் காசு. டிராமில், பயணியாக,
கதவில் சாயாமல்.

இப்போது அந்த எழுத்து மலர்வதில்லை.
செய்தி போய்ச் சேர்ந்தால் மட்டும் சொல்கிறது.
நான் சோதனைக்கு எட்டு சாமந்தி கேட்பேன்,
பிறகு விஸ்மாவை அழைத்து "வந்ததா?" என்பேன்.
"இன்னும் உயிரோடுதான் இருக்கிறாயா?" என்பாள்.
பொத்தானுக்கும் பதிலுக்கும் நடுவே
சில நேரம் இரண்டு நொடி ஆகிறது.
ரைவிஸ் சொல்கிறான், மெதுவாம்.
இருக்கட்டும்.
மணல் விழும் நேரம் அது.