தொப்பிக்காரர்

மூன்றாம் இதழில் நீ அணையை உடைத்தாய்.
அப்போது உனக்குக் காரணம் கிடையாது,
பச்சைக் கையுறையும் பல் தெரியும் சிரிப்பும் மட்டும்.
கிளீவ்லாந்தில் பனி. ஹீட்டர் ரிப்பேர்.
பக்கத்துக்கு ஏழு டாலர் கூலி, மை என் கைக்காசு.
வெள்ளத்தில் போகிற ஊரைத்
தூரிகை நுனியால் புள்ளி புள்ளியாய் வைத்தேன்:
இருநூற்றுப் பன்னிரண்டு.
கை சும்மா இராமல் ஒரு புள்ளிக்குத் தொப்பி போட்டேன்.

பதினோரு வருஷம் கழித்து டெல்மர் வந்து
உனக்கொரு மகளைக் கொடுத்தான்.
அவளைக் குடித்தது அந்த அணைத் தண்ணீர்தான் என்றான்,
ஆலைக் கழிவு கலந்தது.
வாசகர் கடிதங்கள் மூட்டையில் வந்தன.
அடுத்தவன் கண்ணுக்குக் கீழே சுருக்கம் கேட்டான்.
போட்டேன்.
பிறகு வந்த விநோனா உன்னைச் சிறையில் அடைத்து
தோட்ட வேலைக்கு விட்டாள்.
தக்காளிச் செடிக்கு நீ நீர் ஊற்றும் கட்டத்தில்
நானே அழுதேன், வெட்கமில்லாமல்.
மை கலைந்தது. திரும்ப வரைந்தேன்.

இன்று கடைசி இதழ்.
ஊர் உன்னை மன்னிக்கிறது.
ஸ்கிரிப்டில் ஒரே வரி: கூட்டம் கைதட்டுகிறது.
கண்ணில் புரை எனக்கு, நாற்பது முகம்தான் முடிந்தது.
இத்தனை பேர் எழுதினார்களே உன்னை,
அந்தப் புள்ளிகளில் ஒன்றையாவது
எவரும் எழுப்பவில்லை.
பேச்சுக் குமிழ் வைக்கக்கூட இடம் விடாத அளவு
நெருக்கி வைத்தவள் நான்தான்.

பின்வரிசையில்
நனைந்த தொப்பியோடு ஒருவரை வரைந்திருக்கிறேன்.
அவர் கைதட்டவில்லை.
எடிட்டர் கவனிக்கமாட்டார்,
என் பெயரையே அட்டையில் போட மறந்தவர்.

உன் கருவிழியை மட்டும்
அரை நூல்
அந்தப் பக்கம் நகர்த்தினேன்.