பதினொன்றாம் நம்பர்

முதலில் மண்ணெண்ணெய் வாடை வரும்.
அடுப்பில்லை, விளக்கில்லை,
குருசடைத் தீவோரம் இடுப்பளவு தண்ணீர்.
மரிக்கொழுந்துப் பாசி பறிக்கிற விரல்கள்
துணி சுற்றியபடியே என்னுடையவை அல்லாமல் போகும்.
பிறகு பார்த்தால்
பெர்னத்து என் முடியைப் பிடித்துத்
தூக்கி வைத்திருப்பாள்.

மூன்றாம் தடவைக்கு அப்புறம்
சின்னப்பாலத்தில் எந்த வள்ளமும் என்னை ஏற்றவில்லை.
கையில் இரும்புச் சாவி திணித்தவர்களே
மதுரைக்குப் போ என்றார்கள்.

மதுரையில் கேட்டார்கள்:
வாடை எவ்வளவு நேரம்?
கை முதலில் இழுக்குமா, வாயா?
நான் வெட்கப்பட்டு மறைத்த ஒவ்வொன்றையும்
வரி விடாமல் எழுதிக்கொண்டார்கள்.

தலையைத் திறந்தபோது விழித்திருந்தேன்.
மூளைக்கு வலி தெரியாதாம்,
உடம்பு வலியெல்லாம் போய்ச் சேருகிற இடத்துக்கு.
மெல்லிய கம்பி தொட்ட இடமெல்லாம்
கடுகளவு காகிதத்தில் நம்பர்.
பிறகு போட்டோவில் பார்த்தேன்:
பாசி வளர்க்கிற மிதவைகளில்
சங்கத்துக்காரர்கள் கட்டும் தகடு மாதிரி.

படம் காட்டினார்கள்.
குடை. குடை என்றேன்.
பூட்டு. பூட்டு.
ஒன்பதில் சுண்டுவிரல் தானாகத் துள்ளியது.
பத்தில் ஒன்றுமில்லை.
பதினொன்றில்

எனக்கா தெரியாது?
கட்டைவிரலில் அது கடித்த தழும்பு இருக்கிறது.
"அது... பக்கவாட்டுல ஓடும்...
பாறைப் பொந்துக்குள்ள..."
கண்ணுக்குள் ஓடுகிறது,
சட்டியில் சிவந்து கொதிக்கிறது,
பேர் மட்டும் வரவில்லை.
கம்பியை எடுத்தார்கள்.
நண்டு! என்று கத்தினேன்.
பச்சைத் துணிக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள்.
"இங்க கை வைக்க வேண்டாம்"
என்றார் டாக்டர் மெஹருன்னிசா.
பதினொன்றை விட்டு
அப்பால் வெட்டினார்கள்.

ஊர் திரும்பும் முன்னால் ஒரு தாள்.
என் நண்டு நின்றுபோன இடத்தை
மூளையைப் படிக்கிறவர்களுக்குத் தரலாமா என்று.
பேர் இருக்காது.
பெண், முப்பத்தாறு, இடது பக்கம்.

"ஒனக்கு என்ன கெடைக்கும்?" என்றான் தம்பி ரெக்சன்.
"தெக்க பாறை இருக்குன்னு
ஒனக்கு எப்படிடா தெரியும்?"
"யாருக்காச்சும் வலை கிழிஞ்சிருக்கும்."
"யாருக்கு?"
தெரியாது.
பேனாவை வாங்கி
ஜெயராக்கினி என்று முழுப்பேரும் எழுதினேன்,
அவர்கள் அழித்துவிடப்போகிற பேர்தான்.

மாத்திரை நிற்கவில்லை.
தண்ணீரில் இறங்க இன்னும் அனுமதி இல்லை;
கரையில் பாசி காயப்போடுகிறேன்,
நாள்கூலி பாதி.

போன வாரம் திடீரென்று மண்ணெண்ணெய் வாடை.
அப்படியே மணலில் உட்கார்ந்து
விரல்களைப் பார்த்தேன்.
குடை, பூட்டு, நண்டு என்று
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்.
முதுகுக்குப் பின்னால்
ரெக்சன் இன்ஜினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தான்.
பாதி கீழே சிந்தியிருந்தது.
எழுந்துபோய்
நன்றாகத் திட்டினேன்.