வண்ணம்

களியக்காவிளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருசம்
பாறசாலை வலியம்மை என் கன்னத்தைக் கிள்ளி
“பெண்ணு வண்ணம் வச்சல்லோ” என்றாள்.
நிறம் கூடியிருக்கிறேன் என்று
சாத்தான்குளத்துக்காரி நான்
நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டு திரிந்தேன்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
வண்ணம் என்றால் பருமன் என்பதை
ராத்திரி விளக்கை அணைத்த பிறகுதான்
ஜஸ்டின் சொன்னார்.

பதினோரு வருசம், இரண்டு பிள்ளை.
இப்போது நாத்தனார் பெனிட்டாவுக்குக் கல்யாணம்.
வீட்டுப் பெண்களுக்கெல்லாம் ஒரே பீச் கலர் பட்டு,
முத்து வைத்த ரவிக்கை.
பத்தொன்பது நாள் இருக்கிறது.
தங்கபாய் டேப்பைச் சுற்றி நாற்பத்திரண்டு என்றாள்.
முப்பத்தெட்டு வையுங்க,
அதுக்குள்ளே ஆகிடுவேன் என்றேன்.
அவள் வாயில் குண்டூசி.
நோட்டில் எதையோ எழுதிக்கொண்டாள்.

எனக்கு வேலை எடை மேடையில்.
மலையை உடைத்து ஏற்றிய லாரிகள்
என் ஜன்னலுக்குக் கீழே வந்து மூச்சு வாங்கும்.
ஓவர்லோடு என்றால் டிரைவர் இறங்கிக்கொள்வார்,
தன் எழுபது கிலோவாவது கழியட்டும் என்று.
கிளீனரை இறக்குவார்.
தண்ணீர்க் கேனைக் கவிழ்ப்பார்.
போன மாசம்வரை எனக்கு அது வேடிக்கை.

காலையில் கொள்ளுத் தண்ணீர், மத்தியானம் வெள்ளரிக்காய்,
ராத்திரி ஒரு சப்பாத்தி, அதிலும் ஓரத்தைக் கிள்ளிவிட்டு.
மாமி மரச்சீனி அவித்து
மத்திக் குழம்பை மூடாமல் வைக்கிற வீட்டில்.
எதிர்க்கடை ஷாஜி நாலு மணிக்குப் பழம்பொரி போடுவான்.
நாலு மணிக்கு ஜன்னலைச் சாத்துவேன்.
வாசத்துக்குச் செக்போஸ்ட் கிடையாது.

ஆறாம் நாள் கண் இருட்டி
இருபத்தெட்டு டன்னை
எண்பத்திரண்டு என்று சீட்டில் எழுதிவிட்டேன்.
“சேச்சி, இது லோறியோ கப்பலோ?”
டிரைவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மருந்துக்கடை மெஷின் முதல் நாள் எழுபத்து நாலு சொன்னது,
பதினைந்தாம் நாள் எழுபத்தொன்று.
நம்ப முடியாமல், லாரி வராத ஒரு நேரம்,
செருப்பையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு
அறுபது டன் மேடையின் நடுவில் போய் நின்றேன்.
இரும்பு காலைச் சுட்டது.
சிவப்பு எழுத்து ஓடி ஓடி நின்றது: எழுபது.
முதல் நாளும் இப்படித்தான் ஏறி நின்றேன்,
அன்றைக்கும் எழுபது.
பத்துப் பத்தாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
என் மூன்று கிலோ, பதினைந்து நாள் பசி,
அதற்குத் தூசி.

ரோட்டைத் தாண்டி ஷாஜி வந்தான், காகிதத்தில் ஒரு பழம்பொரியோடு.
“இதும் கூட வச்சு நோக்கட்டே?”
கையில் வாங்கினேன். எழுபது.
தின்றேன்.
எழுபது.

கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி
கொக்கிக்கும் கண்ணிக்கும் நடுவே நாலு விரல்.
தங்கபாய் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள்.
எதுவும் கேட்கவில்லை. பிளேடை எடுத்து
பக்கத் தையலைப் பிரித்தாள்.
உள்ளே மடங்கிக் கிடந்தது துணி,
இந்தப் பக்கம் ஒன்றரை அங்குலம், அந்தப் பக்கம் ஒன்றரை.
நோட்டில் என் பேருக்கு நேரே
முப்பத்தெட்டு, கீழே ஒரு கோடு,
கோட்டுக்குக் கீழே நாற்பத்தொன்று.
“ஒரு இஞ்ச் உங்கள நம்பினேன், எக்கா.”

பழைய தையலின் ஊசி ஓட்டைகள்
கையைத் தூக்கினால் வரிசையாகத் தெரியும்.
பாறசாலை ஹாலில் நான் கையைத் தூக்கவே இல்லை.
வலியம்மை தேடி வந்து தாடையைப் பிடித்தாள்.
“வண்ணம் குறஞ்ஞல்லோ, மோளே.”
“பீச் கலரே அப்படித்தான் வலியம்மை,
கொஞ்சம் வெளிறித்தான் தெரியும்” என்றேன்.
அவள் முழிக்க முழிக்க
இரண்டாவது போளியைப்
பாயசத்தில் நனைத்தேன்.