மூன்றாம் தட்டு

கடல் விலகிப்போன அராலில்
கொள்ளைநோய்த் தடுப்பு நிலையம்.
முப்பத்தோராவது வருஷமாய் ஜிபெக்
பாலை எலிகளின் மயிரைச் சீவித்
தெள்ளுப்பூச்சி பொறுக்குகிறாள்.
நான்கே எழுத்து; எது இடம் மாறியதென்று பார்க்க வேண்டும்.

"இத்தனை காலம் என்ன கண்டுபிடித்தீர்கள்?"
அல்மாத்தி அதிகாரி கேட்டார்.
போன கோடையில் யாரும் சாகவில்லை, என்றாள்.
எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
படிவத்தைப் புரட்டினார் அவர்.

உறைபெட்டியின் மூன்றாம் தட்டில் ஐதோஸ்.
நோயுற்ற ஒட்டகத்தை அறுக்கையில்
காலைப் பிடித்துக்கொண்ட ஒன்பது வயது.
இப்போது ஒரு துளி.
அதிலுள்ள கிருமி அவளுக்கு எழுத்தெழுத்தாய் மனப்பாடம்.
அவன் குரல் தெரியாது.

மின்சாரம் போகும் இரவுகளில்
ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவருபவன்
அவன் தம்பி.
எதற்கு இவ்வளவு குளிர் என்று கேட்டதில்லை.
கேனைப் பனியில் இறக்கிவிட்டுக்
கையெழுத்திடுகிறான்,
குழாயில் ஒட்டிய அதே குடும்பப் பெயரை.